உள்ளறை ஜன்னல்

போன மாதம் என் அக்கா மகள் என்னைக் கொழும்பில் ஒரு கொரியன் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனாள். இப்போதைய பிள்ளைகளுக்குக் கொரியா என்றால் தனிப் பிரியம். நாடகம் பார்க்கிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள், உறைப்பான நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கடையில் ஒவ்வொரு மேசையிலும் காஸ் அடுப்பு, அதற்கு மேலே புகையை இழுக்கும் குழாய் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. இருந்தாலும் உள்ளே நுழைந்ததும் நான் ஜன்னல் எங்கே இருக்கிறது என்றுதான் பார்த்தேன்.

பரிமாற வந்த பெண் பதுளைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை. பன்றி இறைச்சியைக் கம்பி மேல் பரப்பிவிட்டு அவசரமாகப் புரட்டப் போனாள்.

"கொஞ்சம் பொறு பிள்ள. மேல்பக்கம் வேர்த்து வரட்டும். ஒரு தடவதான் பொரட்டணும்" என்றேன்.

"ஒங்களுக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"பதினாறு வருசம் இந்த வேலைதான் பாத்தேன். கரவனெல்லப் பக்கம்."

அவள் நம்பவில்லை. கரவனெல்லையில் கொரியாக் கடையா என்று சிரித்தாள். பிறகு நான் கத்தரிக்கோலை வாங்கி இறைச்சியை வெட்டிக் காட்டியதும் சிரிப்பை நிறுத்தினாள். "எங்களுக்கு யாரும் சரியாச் சொல்லித் தரல்லம்மா. ஒரு நாளைக்கு வந்து சொல்லிக் குடுங்களேன்" என்றாள். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். போகவில்லை. அந்த வேலையைப் பற்றிப் பேசினால் புஷ்பாவைப் பற்றியும் பேச வேண்டும். அதை ஒரு கடையில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் மாரியாயி. தெரணியகலைக்கு மேலே ஒரு இறப்பர் தோட்டத்தில் பிறந்தவள். முப்பத்தோரு வயதுவரை பால் வெட்டினேன். கரவனெல்லைக்கு இந்தப் பக்கம் இறப்பர் கையுறை செய்யும் ஒரு தொழிற்சாலை வந்தபோது, அதனோடு பத்துப் பன்னிரண்டு கொரியாக்காரர்களும் வந்தார்கள். இயந்திரம் பூட்ட வந்த ஒருவர் தன் மனைவியையும் கூட்டி வந்திருந்தார். அவருக்கும் முதலாளிக்கும் ஒத்துப்போகவில்லை. வேலையை விட்டுவிட்டு ரோட்டோரத்தில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்துச் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். அது 1993ஆம் ஆண்டு. இரண்டு வருடத்தில் அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். மனைவி போகவில்லை. அவர் பெயர் ஒக்சூன். நாங்கள் மேடம் என்போம்.

பாத்திரம் கழுவத்தான் நான் சேர்ந்தேன். முதல் நாள் மேடம் என் பின்னால் நின்று "பல்லி, பல்லி" என்றார். நான் கையை உதறிவிட்டுச் சுவரைப் பார்த்தேன். கொரிய மொழியில் சீக்கிரம் என்று அர்த்தமாம். குசினியில் இருந்த சுமனா அக்கா சிங்களத்தில் விளக்கிச் சொல்லிச் சிரித்தார். ஆறு மாதம் கழுவினேன், ஒரு வருடம் கிம்ச்சி ஊறுகாய் போடும் கோவா இலைக்கு உப்புத் தடவினேன், பிறகு கரியடுப்புக்கு வந்தேன். அதற்குப் பிறகு மேடம் இல்லாத நேரங்களில் கடை என் பொறுப்பு.

தோட்டத்தில் பேச்சு வராமல் இல்லை. மாட்டிறைச்சி தொடும் வேலை, குடிக்கிற ஆம்பிளைகளுக்குப் பரிமாறுகிற வேலை. என் வீட்டுக்காரர் வேறொன்றும் சொல்லவில்லை. "பீலித் தண்ணியில குளிச்சிட்டு உள்ள வா" என்று மட்டும் சொன்னார். பதினாறு வருடமும் குளித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

மேடம் குட்டையான ஆள். சந்தையில் கற்றுக்கொண்ட சிங்களம் பேசுவார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் கையால் காட்டுவார். ஆட்களுக்கு முன்னால் எங்களை ஏசியதே இல்லை. பிழை செய்தால் மணிக்கட்டைப் பிடித்துக் குசினிக்குக் கூட்டிப்போய், அதே வேலையைத் தன் கையால் ஒரு தடவை செய்து காட்டுவார். அதோடு முடிந்துவிடும். புதுக் கிம்ச்சி பிசைந்ததும் ஒரு துண்டைச் சுருட்டி எங்கள் ஒவ்வொருவர் வாயிலும் தன் கையாலேயே வைப்பார். எனக்கு என் அம்மா ஊட்டியது நினைவில் இல்லை. ஆகவே முதல் தடவை வாயைத் திறக்க வெட்கப்பட்டேன். என்னை "மாரியா" என்று கூப்பிடுவார். பெயருக்குப் பின்னால் ஒரு 'யா' சேர்ப்பது அவர்கள் வழக்கம். வருகிறவர்கள் என்னை வேதக்காரி என்று நினைத்தார்கள்.

சாப்பிட வருகிறவர்கள் உட்கார்ந்ததும் எதையும் கேட்பதற்கு முன் சின்னத் தட்டுகள் மேசைக்குப் போய்விட வேண்டும். கிம்ச்சி, முள்ளங்கி, அவித்த கீரை, நெத்தலி வறுவல், இப்படி ஆறோ ஏழோ. அவை தீரத் தீரக் கேட்காமல் நிரப்ப வேண்டும். எதைக் கொடுத்தாலும் இரண்டு கையால் கொடுக்க வேண்டும். பிறகு கரி.

எங்கள் பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டைக்கரிக்குப் பஞ்சமில்லை. பின்பக்கத்துக் கொட்டிலில் அதைப் பற்றவைத்து, கருப்பு முழுவதும் போய் வெள்ளைச் சாம்பல் படியும்வரை காத்திருக்க வேண்டும். கருப்பு மிச்சம் இருக்கும் கரி கடைக்குள்ளே வரக்கூடாது. சாம்பல் படிந்ததை இரும்புச் சட்டியில் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் கொக்கியால் தூக்கி மேசைக் குழியில் இறக்குவோம். எடுப்பதும் அப்படித்தான். தனியாகத் தூக்கக் கூடாது.

முன் மண்டபத்தில் ஆறு மேசை. அது மூன்று பக்கமும் திறந்த இடம், கவலை இல்லை. பின்னால் பெரிய ஆட்களுக்கென்று ஓர் உள்ளறை இருந்தது. பாய் விரித்து, தரையோடு ஒட்டிய நீள மேசை. அதில் இரண்டு குழிகள். இழுத்து மூடும் கதவு. மேட்டைப் பார்த்த ஒரேயொரு ஜன்னல். சுவரில் புகை இழுக்கும் ஃபேன். அந்த அறைக்கு மேடம் இரண்டு சட்டம் வைத்திருந்தார். சாப்பிட்டு முடித்து மேசை துப்புரவாக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், எச்சில் தட்டு மற்றவர்கள் கண்ணில் படக்கூடாது. கரி உள்ளே இருக்கும்வரை ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்க வேண்டும், மழை பெய்தாலும், ஃபேன் ஓடினாலும்.

ஏன் என்று ஒரு நாள் சுமனா அக்கா கேட்டார். மேடம் பாயில் உட்கார்ந்து காட்டினார். அவருடைய ஊரில் குளிர்காலத்தில் வீட்டுத் தரைக்குக் கீழே கரி எரித்து அறையைச் சூடாக்குவார்களாம். தரையில் ஒரு வெடிப்பு. தானும் தங்கையும் படுத்தார்கள். காலையில் தங்கையை எழுப்பினார், அவள் எழும்பவில்லை. அம்மா ஓடிப்போய் முள்ளங்கி ஊறல் தண்ணீரைக் கொண்டுவந்து வாயில் ஊற்றினாளாம். கரிப்புகைக்கு அதுதான் அவர்கள் ஊர்க் கைவைத்தியம். தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழிந்தது என்று தன் இரண்டு கன்னத்தையும் தொட்டுக் காட்டினார். பிறகு சிங்களத்தில், "கின்தர ஹுளங்கத் கனவா" என்றார். நெருப்பு காற்றையும் தின்னும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் எந்த இடத்திலும் சொல்ல முடியாது.

புஷ்பாவைக் கடைக்குக் கூட்டிவந்தவள் நான்தான். தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் லயத்துக்கு அடுத்த லயம். அப்பா இல்லை. அம்மா பார்வதியை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். புஷ்பாவுக்கு இருபத்தி நாலு வயது. பெரியம்மா முதலில் சம்மதிக்கவில்லை. நான் மூன்று தடவை போய்ப் பேசினேன். கடைசியில், "ஒன்ன நம்பித்தான் மாரி அனுப்புறேன்" என்றாள்.

புஷ்பாவுக்கு நல்ல கைநேர்த்தி. இறைச்சி வெட்டுகிற கத்தரிக்கோலை அவள் பிடித்தால் துண்டுகள் அச்சில் வார்த்தது மாதிரி விழும். கொரியாச் சொற்களை எங்களைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். கையுறைத் தொழிற்சாலைக்காரர்கள் வந்தால் அவளைத்தான் கேட்பார்கள். அவர்கள் கேட்பது வேலைக்காகத்தான், வேறெதற்கும் இல்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். தோட்டத்தில் பிற்பாடு பலதும் பேசினார்கள். இரண்டு வருடம் வேலை செய்தாள். தெரணியகலையில் ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கும் மாப்பிள்ளைக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். தை மாதம் கல்யாணம் என்று இருந்தது.

1998 ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மேடம் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போயிருந்தார். உள்ளறையில் தொழிற்சாலைப் பெரியவரும் கொரியாவிலிருந்து வந்த மூன்று விருந்தாளிகளும். முன் மண்டபத்தில் நான்கு மேசை நிறைந்திருந்தது. ஒரு மணிக்கே வானம் இருட்டி, இடியோடு மழை பிடித்துக்கொண்டது.

புஷ்பா குசினி வாசலுக்கு வந்தாள்.

"மாரிக்கா, சாரல் அந்த ஐயாட சட்டையில அடிக்குது. ஜன்னல மூடச் சொல்றாங்க."

நான் கரிக் கொட்டிலுக்கும் குசினிக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். "ஃபேன் ஓடுதுதானே?" என்றேன்.

"ஓடுது."

"அப்ப மூடு."

அவ்வளவுதான். அந்தப் பேச்சு அதற்குமேல் ஒரு சொல் நீளவில்லை.

இன்னும் இறைச்சி கேட்டார்கள். கரி மாற்ற வேண்டும். கொட்டிலுக்குள் சாரல் அடித்து, கரி பாதி கருப்பாகவே நின்றது. பெரியவர் உள்ளே இருந்து கைதட்டினார். நான் அந்தப் பாதிக் கரியையே இரண்டு சட்டியிலும் போட்டு, சுமனா அக்காவோடு தூக்கிப்போய் இறக்கினேன். இறக்கிவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு பெரிய இடி. கரண்ட் போனது. ஃபேன் நின்றது.

இருட்டில் அவர்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருவர் தலை இடிக்கிறது என்றார். குடித்தது ஏறிவிட்டது என்று மற்றவர்கள் அவரைக் கேலி செய்தார்கள். இறைச்சியை வைத்ததும் வைத்தபடி குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்ற வான் வண்டிக்குப் போய்விட்டார்கள். நான் வாசல்வரை போய்க் கும்பிட்டு வழியனுப்பினேன். திரும்பி வந்தபோது புஷ்பா உள்ளறைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "அக்கா, சட்டி தூக்க ஒரு கை வாங்க" என்றாள்.

"இரு, வர்றேன்" என்றேன்.

அவள் மேடத்தின் சட்டப்படி கதவைச் சாத்திக்கொண்டாள்.

முன் மண்டபத்தில் மழைத் தண்ணீர் ஏறிவந்தது. மேசைகளை இழுத்தோம். மெழுகுதிரி தேடினோம். ஒருவர் சோறு வரவில்லை என்றார், ஒருவர் பில் கேட்டார். முக்கால் மணி நேரம் இருக்கும். சுமனா அக்காதான், "கோ புஷ்பா?" என்று, புஷ்பா எங்கே என்று கேட்டார்.

கதவை இழுத்தேன். மேசைமேல் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். கையில் துடைக்கிற துணி. தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. அவ்வளவு ஆரோக்கியமாக அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. தோளைத் தொட்டதும் சரிந்தாள். கை கால் வெட்டி இழுத்தது.

நான் முதலில் அவளைத் தூக்கவில்லை. ஜன்னலைத் திறந்தேன். காற்று வரட்டும் என்று திறந்தேனா, அது மூடியிருந்ததை யாரும் பார்க்கக்கூடாது என்று திறந்தேனா என்று இந்த வயதுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

திரீவீலில் என் மடியில் போட்டுக்கொண்டு கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெளியே மழை விட்டிருந்தது. டொக்டர் சின்ன வயது, சிங்களவர். கண்ணை விலக்கிப் பார்த்துக்கொண்டே என்ன நடந்தது என்று கேட்டார்.

"வலிப்பு வந்துச்சு" என்று சிங்களத்தில் சொன்னேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. இழுத்ததைப் பார்த்தேன், அது வாயில் வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் அடுத்ததாக, "இதற்கு முன்னால் வந்திருக்கிறதா?" என்று கேட்டார். ஒரு மூச்சு இழுக்கும் நேரம் இருந்தது எனக்கு. மூடு என்று சொன்னவள் நான். பாதிக் கரியை அனுப்பியவள் நான். பொலிஸ் வரும், யுத்த காலம், நான் தமிழ்ப் பொம்பளை, கடையை மூடுவார்கள், பெரியம்மா முகத்தில் எப்படி முழிப்பது, எல்லாம் அந்த ஒரு மூச்சுக்குள் வந்து போனது.

"சின்ன வயசிலயும் வந்திருக்காம்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். வலிப்புக்கு ஊசி போட்டார்கள். அவர்மேல் ஒரு குறையும் இல்லை. சொன்னதற்குத்தானே வைத்தியம் செய்ய முடியும்.

பின்னேரம் மேடம் வந்தார். யாரோ தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். கடைக்குப் போய்விட்டு வந்திருக்கிறார், கையில் ஒரு போத்தல் முள்ளங்கி ஊறல் தண்ணீர். கட்டிலருகே நின்று புஷ்பாவின் தலைமுடியை முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரே சொல்லைக் கேட்டார்.

"ஜனேலய?"

"திறந்துதான் இருந்துச்சு மேடம்."

நேர்ஸ் மிஸ் வந்து, வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது என்றார். மேடம் போத்தலைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் புஷ்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாம் நாள் புஷ்பா கண் திறந்தாள். நாலாம் நாள் எழுந்து நடந்தாள். அந்த மத்தியானத்தைப் பற்றி அவளுக்கு ஒரு நினைவும் இல்லை. விருந்தாளிகள் வந்ததுகூட. அம்மன் கண் திறந்தாள் என்று நான் நினைத்தேன். பொய்யும் பலித்தது, பிள்ளையும் பிழைத்தது. பெரியம்மா என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ இல்லாட்டி எம்புள்ள போயிருக்கும்" என்றாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரம் வேலைக்கு வந்தாள். வந்து நாலு நாள் எல்லாம் சரியாக இருந்தது. ஐந்தாம் நாள் முன் மண்டபத்தில் ஒரு குடும்பத்துக்கு இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து மேசைக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தேன். வெட்டும் சத்தம் நின்றது. பார்த்தேன். கத்தரிக்கோலைக் கண்ணுக்கு நேரே தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் ஓட்டைக்குள் இருந்தன. இறைச்சி கருகத் தொடங்கியது.

"அக்கா, இது எதுக்கு?" என்றாள்.

கேலி செய்கிறாள் என்று அந்தக் குடும்பம் சிரித்தது. நான் வாங்கி வெட்டினேன். அவள் என் பக்கத்தில் நின்று என் கையையே கவனமாகப் பார்த்தாள், முதல் நாள் வேலைக்கு வந்தவள் மாதிரி.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாகப் போனது. பஸ்ஸில் இறங்கும் இடம் போனது. தலை பின்னுவது போனது. நடை குறுகி, காலைத் தரையோடு தேய்த்து நடந்தாள். கோப்பையைப் பிடித்தால் கை ஆடியது. ஒரு மாதத்துக்குள் சிறுநீர் போவது தெரியாமல் போனது. மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அட்டையில் பழையதுதான் இருந்தது, சின்ன வயதிலிருந்து வலிப்பு. அதற்கு மருந்தைக் கூட்டினார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தார்கள். அட்டையை வாங்கி, படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படித்தார்கள். "வலிப்பு இருக்கத மறைச்சுக் கட்டப் பாத்தீங்களா?" என்று மாப்பிள்ளையின் அம்மா லயத்து வாசலில் நின்று கேட்டாள். பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் செய்தாள்.

"எம்புள்ளைக்கு ஒரு நாளும் வந்ததில்ல. மாரியம்மா மேல ஆணையா வந்ததில்ல. யாரு சொன்னா சின்ன வயசுல வந்துச்சுன்னு?"

கூட்டத்தில் நானும் நின்றேன். ஆஸ்பத்திரி அட்டை பொய் சொல்லுமா என்று யாரோ சொன்னார்கள். கல்யாணப் பேச்சு முறிந்தது.

அடுத்த வருடம் கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் புஷ்பாவைக் கொண்டுபோனோம். மேடம் வான் பிடித்துக் கொடுத்தார். பெரியம்மாவுக்குத் துணையாக நான் போனேன். அங்கே இருந்த டொக்டர் தமிழ் ஆள், நிதானமாகப் பேசினார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"இது வலிப்பு மாதிரித் தெரியல்ல. மூடின அறையில எங்கயாவது இருந்தாங்களா? கரி, ஜெனரேட்டர், அப்படி ஏதாவது?"

பெரியம்மா என் தோளோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். சொல்லத்தான் நினைத்தேன்.

"இப்ப தெரிஞ்சா ஏதாவது செய்யலாங்களா டொக்டர்?" என்று கேட்டேன்.

"இப்ப பெருசா இல்ல. முதல் நாளே தெரிஞ்சிருந்தா ஒட்சிசன் நிறையக் குடுத்திருப்பாங்க. இப்பிடி ஆகாம இருந்திருக்கலாம். அதுக்காகத்தான் கேக்கிறேன்."

"அப்பிடி ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

அவர் சரி என்று எழுதி முடித்தார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது புஷ்பா என் சேலை நுனியைப் பிடித்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். என் பெயர் அவளுக்கு நினைவில்லை. ஆனால் என்னோடு வருவதென்றால் அடம் பிடிக்கமாட்டாள்.

அதற்குப் பிறகும் நான் பத்து வருடம் அந்தக் கடையில் வேலை செய்தேன். இதைப் படிக்கிறவர்கள், எப்படி முடிந்தது என்று கேட்கலாம். காலையில் பஸ் வரும், ஏறுவேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது. உள்ளறையை மேடம் கரிக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். அதில் சூப் சட்டியும் சோறும் மட்டும்தான் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் கிம்ச்சி பிசைந்தால் பழையபடி எல்லார் வாயிலும் வைப்பார். என் வாயிலும் வைப்பார். அதுதான் எனக்கு மிகக் கஷ்டமான நேரம்.

2009இல் கையுறைத் தொழிற்சாலை மூடிப்போனது. வருகிற ஆட்கள் இல்லை. மேடத்துக்கும் முழங்கால் தேய்ந்துவிட்டது. ஊருக்குப் போக முடிவெடுத்தார். சாமான்களைக் கட்டி முடித்த அன்று என்னை மணிக்கட்டைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போனார். பாய் சுருட்டி வைத்திருந்தது. ஜன்னலை மூடினார். திறந்தார். பிறகு அந்த உடைந்த சிங்களத்தில் சொன்னார்.

"நான் ஒரு தடவை கேட்டேன், மாரியா. இரண்டாவது தடவை கேட்டிருக்கணும். கேட்டா நீ உண்மையச் சொல்லிடுவியோன்னு பயந்தேன்."

அவரும் அழவில்லை, நானும் அழவில்லை. கடை தப்பியது, எங்கள் எல்லாருடைய வேலையும் தப்பியது. அவருக்கும் எனக்கும் இடையில் பதினொரு வருடம் அது அப்படியே உட்கார்ந்திருந்தது.

மேடம் போன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, காலையில் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். இனி மூடுவதற்குக் கடையும் இல்லை, பயப்படுவதற்கு எதுவும் இல்லை. சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்துத்தான் போனேன்.

புஷ்பாவுக்கு அப்போது முப்பத்தேழு வயது. தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். சுவரில் சாய்த்து உட்காரவைத்து பெரியம்மா சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் தொண்டையைத் தடவிவிட்டால்தான் விழுங்குவாள். பெரியம்மாவின் கையும் ஆடத் தொடங்கியிருந்தது.

நான் தரையில் உட்கார்ந்து சொன்னேன். சாரல் அடித்ததிலிருந்து தொடங்கினேன். மூடு என்றது, கருப்புக் கரி, இரு வர்றேன் என்றது, ஜன்னலைத் திறந்தது, கரவனெல்லை டொக்டரிடம் சொன்னது, கொழும்பு டொக்டரிடம் சொல்லாதது, ஒன்றையும் விடவில்லை. பெரியம்மா ஊட்டுவதை நிறுத்தவில்லை. கோப்பை காலியானதும் புஷ்பாவின் வாயைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவளுக்கு வலிப்பு சின்ன வயசுலயே இருந்துச்சு மாரி."

"இல்ல பெரியம்மா. அது நான் சொன்ன பொய்."

"நீ என்னத்தக் கண்ட? பல்லு மொளைக்கிற வயசுல ஒரு நா காய்ச்சல் வந்து கண்ணு சொருகிருச்சு. கை காலெல்லாம் வெட்டிச்சு. நாந்தான் மறந்துட்டேன். இவ விழுந்த பொறகு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், எல்லாம் ஞாபகம் வந்துச்சு. அப்பவே தொரைகிட்டச் சொல்லிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கணும். வுட்டுட்டேன்."

"நீங்கதானே அன்னிக்கு ஆணையிட்டீங்க, ஒரு நாளும் வந்ததில்லன்னு?"

"அதான் சாமி இப்பிடிக் காட்டிருச்சு. பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன்ல."

நான் அவள் காலைப் பிடித்தேன். பொய் என்னுடையது, நீங்கள் சொன்ன சத்தியம்தான் உண்மை என்று மறுபடி முதலிலிருந்து சொன்னேன். ஜன்னல் என்றேன், கரி என்றேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள், ஒரு பிள்ளை கெட்ட கனவைச் சொல்வதைக் கேட்பதுபோல.

சத்தம் கேட்டு அடுத்த காம்பிரா வீட்டுப் பெண் வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். பெரியம்மா அவளிடம் சொன்னாள்:

"நம்ம மாரி. நான் மனசொடிஞ்சு கெடக்கேன்னு, என் பழிய எல்லாம் தூக்கி அவ தலையில வச்சிக்கப் பாக்குது. இந்தக் காலத்துல யாரு செய்வா இப்பிடி? போ, அவளுக்கு ஒரு தேத்தண்ணி ஊத்திக் கொண்டா."

அந்தப் பெண் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டுப் போனாள். சீனி போட்டுச் சூடாகக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். நான் அதை வாங்கிக் குடித்தேன்.